சுவர் இல்லாத ஹாலில் சோபாவை எங்கே போடுவது?

ஹால், சாப்பிடும் இடம், கிச்சன் மூன்றையும் நடுச்சுவர் இல்லாமல் ஒரே நீளமாகக் கட்டுவது இப்போது சின்ன ஊர்களுக்கும் வந்துவிட்டது. கிரகப்பிரவேசத்தன்று கல்யாண மண்டபம் மாதிரி தெரியும். சாமான் இறங்கியதும்தான் திண்டாட்டம். எதைச் சாய்த்து வைக்கலாம் என்று பார்த்தால் சுவரே இருக்காது.

எங்கள் வீட்டையே எடுத்துக்கொள்கிறேன். 14 அடி அகலம், 30 அடி நீளம். வாசல் பக்கம் 12 அடி உட்காரும் இடம், நடுவில் 9 அடி சாப்பாட்டுக்கு, கடைசி 9 அடி கிச்சன்.

படி 1: நடக்கும் வழியைக் கோலமாவால் போடுங்கள்

எந்தக் கடைக்கும் போகாதீர்கள். கோலமாவை எடுத்து, வாசலிலிருந்து கிச்சனுக்கும் படுக்கையறைக் கதவுகளுக்கும் ஆட்கள் நடக்கும் பாதையைத் தரையில் போடுங்கள். குறைந்தது 3 அடி அகலம் வேண்டும். எங்களுக்கு வாசல் இடது ஓரத்தில் இருப்பதால், இடது சுவரை ஒட்டி மூன்றரை அடியை வழிக்கே விட்டுவிட்டோம். மிச்சமுள்ள பத்தரை அடி அகலம்தான் சாமானுக்கு.

இதை நான் முதலில் செய்யவில்லை. ஷோரூமில் ஒரு ‘எல்’ சோபா அடக்கமாகத் தெரிந்தது; அந்த ஷோரூம் எங்கள் ஹாலைப்போல நாலு மடங்கு என்பது அப்போது உறைக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அதன் ஒரு கை பாதைக்குள் நீட்டிக்கொண்டு நின்றது. ஆறு மாதம் முழங்காலில் இடி வாங்கிய பிறகு, மச்சான் வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். அவருக்கு மகிழ்ச்சி.

படி 2: பேப்பரை விரித்து வாழ்ந்து பாருங்கள்

வாங்க நினைக்கும் சாமானின் அளவுக்குப் பழைய நியூஸ்பேப்பரைத் தரையில் விரித்து, டேப்பால் ஒட்டிவிடுங்கள். மூன்று பேர் உட்காரும் சோபா என்றால் ஏறத்தாழ 7 அடிக்கு 3 அடி. ஆறு பேர் சாப்பிடும் டேபிள் 5 அடிக்கு 3 அடி. நாற்காலியை இழுத்து எழுந்திருக்க, டேபிளுக்கு இரு பக்கமும் முக்கால் கெஜமாவது, அதாவது இரண்டேகால் அடி வேண்டும். பின்னால் ஒருவர் சாம்பார் வாளியோடு போக வேண்டுமென்றால் 3 அடி. இரண்டு நாள் அந்தப் பேப்பரை மிதிக்காமல் நடந்து பாருங்கள். எங்கே கால் தானாக மிதிக்கிறதோ, அங்கே சாமான் வரக் கூடாது.

சோபாவின் முதுகைச் சாப்பிடும் இடத்தின் பக்கம் திருப்பிப் போட்டால் அதுவே பாதிச் சுவர். எங்களுக்கு டிவி வாசல் பக்கச் சுவரில். சோபாவிலிருந்து சுமார் 8 அடி. 55 இஞ்ச் டிவிக்கு அது போதும்.

ஒரு விஷயம். ஹாலின் நடுவில் கனமான டீப்பாய் வேண்டாம். விசேஷம் என்றால் பாய் விரித்து இலை போட இடம் வேண்டுமே.

படி 3: தாளிப்பை யோசித்துக் கிச்சனை அமையுங்கள்

படத்தில் பார்க்கும் திறந்த கிச்சனில் யாரும் வற்றல் மிளகாயைத் தாளிப்பதில்லை. நம் வீட்டில் தாளித்தால் டிவி பார்ப்பவர் வரை இருமுவார்கள். சிம்னி வாங்கினால் குழாய் வெளிச்சுவர் வழியே போகிற வகையாக வாங்குங்கள். குழாய் எவ்வளவு நேராகவும் குட்டையாகவும் இருக்கிறதோ அவ்வளவு நன்றாக இழுக்கும். பின்பக்கம் வொர்க் ஏரியா இருந்தால் அங்கே ஒரு அடுப்பும் மிக்சிக்கு ஒரு பிளக்கும் வைத்துவிடுங்கள். மீன் வறுவலும் சட்னி அரைப்பதும் அங்கேயே முடிந்துவிடும். டைனிங் ஃபேன் காற்று அடுப்புச் சுடரை அலைக்கழிக்கும். அதனால் அடுப்பை ஃபேனுக்கு நேராக வைக்காதீர்கள்.

அடுத்து, சிங்க் பாத்திரம். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அது கண்ணில் படுகிறது என்பதுதான் எங்கள் அம்மாவின் முதல் புகார். கொத்தனார் சொன்ன வழி எளிது. வேலை செய்யும் மேடை 33 இஞ்ச் உயரம். ஹாலைப் பார்த்த ஓரத்தில் மட்டும் ஒரு கல்லை 42 இஞ்சுக்கு ஏற்றிவிட்டார். நடுவிலுள்ள 9 இஞ்சில் குழம்புச் சட்டியும் டம்ளர்களும் மறைந்துவிடுகின்றன. அந்தக் கல்லிலேயே காபி குடிக்க 30 இஞ்ச் ஸ்டூல் சரியாக இருக்கும்.

சிங்குக்குக் கீழே வரும் பிளைவுட்டில் ஐ.எஸ். 710 முத்திரை இருக்கிறதா என்று நீங்களே குனிந்து பாருங்கள். தண்ணீர் தாங்குவது அதுதான்.

படி 4: விளக்கைத் தனித்தனியாகப் பிரியுங்கள்

மூன்று இடத்துக்கும் தனி சுவிட்ச். கிச்சனுக்கு 4000 கெல்வின் வெள்ளை வெளிச்சம், ஹாலுக்கும் டேபிளுக்கும் 3000 கெல்வின் மஞ்சள். டேபிளுக்கு மேல் தொங்கும் விளக்கு பலகையிலிருந்து 30 முதல் 36 இஞ்ச் உயரத்தில் இருந்தால் எதிரில் இருப்பவர் முகத்தை மறைக்காது. சோபா நடுஹாலில் வருகிறதென்றால் டைல்ஸ் ஒட்டும் முன்பே, சோபா பக்கத்தில் ஒரு பிளக் வைக்க, வயர் போகத் தரைக்குள் ஒரு பைப் போட்டுவிடச் சொல்லுங்கள். ஒட்டியாயிற்று என்றால், போன் சார்ஜருக்கு எழுந்துதான் போக வேண்டும்.

படி 5: அவசரப்படாமல் வாங்குங்கள்

புதுச் சுவரில் ஈரம் இருக்கும். ஒரு பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி, மறுநாள் பிரித்துப் பாருங்கள். உள்பக்கம் வியர்த்திருந்தால் மர அலமாரி வாங்குவதைத் தள்ளிப் போடுங்கள். திரையும் ஃபேனும் முதலில், டேபிள் அடுத்து, சோபா கடைசியில் என்ற வரிசைதான் என் கட்சி.

அப்புறம், சோபாவுக்கு முன்பணம் கொடுக்கும் முன் வாசல் கதவைத் திறந்து, நிலைக்குள் உள்ள இடைவெளியை அளந்து கொண்டுபோங்கள். மாடி வீடென்றால் படிக்கட்டின் திருப்பத்தையும் சேர்த்து.