ரீஃபர் கன்டெய்னரில் உணவு ஏற்றுமதி: முதல் சரக்கை அனுப்புவோருக்கு

வீட்டு ஃப்ரிட்ஜில் சற்றுச் சூடான பாத்திரத்தை வைத்தாலும் சில மணி நேரத்தில் குளிர்ந்துவிடும். ரீஃபர் கன்டெய்னரும் அப்படித்தான் என்று நினைத்தால், நஷ்டம் அங்கேயே தொடங்கிவிடும். ரீஃபர் சரக்கைக் குளிர வைக்கும் இயந்திரம் அல்ல, ஏற்கெனவே குளிர்ந்த சரக்கை அதே குளிரில் வைத்திருக்கும் பெட்டி. கீழே சொல்லும் எல்லாமே இந்த ஒரு விஷயத்திலிருந்து வருபவைதான்.

படி 1: உங்கள் சரக்குக்கு எந்த வெப்பநிலை?

உறைந்த உணவு என்றால் பொதுவான அளவு மைனஸ் 18 டிகிரி செல்சியஸ். ஐஸ்கிரீமுக்கு அதைவிடக் குளிர் வேண்டும்.

பழங்களும் காய்கறிகளும் அவ்வளவு எளிதல்ல. பறித்த பிறகும் அவை சுவாசிக்கின்றன, வெப்பம் வெளியிடுகின்றன. ‘எவ்வளவு குளிரோ அவ்வளவு நல்லது’ என்ற கணக்கு இங்கே செல்லாது. திராட்சைக்கும் பெரும்பாலான ஆப்பிள் வகைகளுக்கும் 0 டிகிரியை ஒட்டிய குளிர் பிடிக்கும். வாழைப்பழத்தை அந்தக் குளிரில் வைத்தால் தோல் சாம்பல் பூத்துப்போகும், பிறகு ஒழுங்காகப் பழுக்காது. அதற்கு 13 முதல் 14 டிகிரி வரை வேண்டும்.

இரண்டு பொருள்களை ஒரே கன்டெய்னரில் அனுப்ப ஆசை வரும். வெப்பநிலை ஒத்துப்போனால் மட்டும் போதாது. ஆப்பிள் எத்திலீன் வாயுவை வெளியிடும். பக்கத்தில் கிவி இருந்தால் அது போய்ச் சேருவதற்குள் கொழகொழத்துவிடும். முதல் தடவை ஒரே பொருளாக அனுப்புங்கள்.

படி 2: காகிதங்கள், அதுவும் முதலிலேயே

வாங்குபவரின் நாடு என்ன கேட்கிறது என்பதை விலை பேசும்போதே எழுத்தில் வாங்கிவிடுங்கள். செடி கொடியிலிருந்து வரும் பொருளுக்குப் பெரும்பாலும் பைட்டோசானிட்டரி சான்றிதழும் (பூச்சி, நோய் இல்லை என்று அரசு தரும் சான்று), இறைச்சி, மீன், பால் பொருள்களுக்குச் சுகாதாரச் சான்றிதழும் வேண்டும். அமெரிக்காவுக்கு உணவு அனுப்பினால், சரக்கு போய்ச் சேரும் முன்பே அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகமான எஃப்டிஏவுக்கு முன்னறிவிப்பு போயிருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் இறைச்சி, மீன் போன்றவற்றை அது ஒப்புக்கொண்ட நாடுகளிலிருந்து, பட்டியலில் உள்ள ஆலைகளிலிருந்து மட்டுமே உள்ளே விடும். மரப் பேலட் (சரக்கை அடுக்கும் பலகைத் தட்டு) வைத்தால் அதில் ஐஎஸ்பிஎம் 15 முத்திரை, அதாவது மரத்தில் உள்ள பூச்சிகளை ஒழித்ததைக் காட்டும் சர்வதேச முத்திரை, உள்ளதா என்று பாருங்கள். வெப்ப முறை என்றால், மரத்தின் உள்பகுதி வரை 56 டிகிரி வெப்பம் 30 நிமிடம் விடாமல் இருக்க வேண்டும் என்பது அந்த விதி.

சாதாரணச் சரக்கு ஒரு காகிதத்துக்காகத் துறைமுகத்தில் பத்து நாள் கிடந்தால் வாடகைதான் ஏறும். உங்கள் சரக்குக்கு வாடகையோடு மின் இணைப்புக் கட்டணமும் ஏறும், ஆயுளும் குறையும்.

படி 3: புக்கிங்

ஃபார்வர்டரிடமோ (சரக்கு அனுப்பும் ஏற்பாடுகளைச் செய்து தரும் முகவர்) கப்பல் நிறுவனத்திடமோ புக்கிங் செய்யும்போது வெப்பநிலையை எண்ணிலும் எழுத்திலும் கொடுங்கள்: ‘-18, மைனஸ் பதினெட்டு டிகிரி செல்சியஸ்’ என்று. நான் இந்த வேலைக்கு வந்த புதிதில் உறைந்த மீன் சரக்கு ஒன்றுக்கு எங்கேயோ ஒரு கட்டத்தில் மைனஸ் குறி விடுபட்டுவிட்டது. கன்டெய்னர் வாசலில் வந்து நின்றபோது திரையில் 18 என்று இருந்தது. ஓட்டுநர் சந்தேகப்பட்டுக் கேட்டதால் சரக்கு பிழைத்தது. அன்றிலிருந்து, ஏற்றுவதற்கு முன் திரையைப் படம் எடுக்காமல் நான் கதவைத் திறக்க விடுவதில்லை. செல்சியஸா ஃபாரன்ஹீட்டா என்பதையும் கட்டாயம் எழுதுங்கள். 0 டிகிரி ஃபாரன்ஹீட் என்பதுதான் ஏறக்குறைய மைனஸ் 18 செல்சியஸ், இரண்டையும் குழப்பிக்கொள்வது எளிது.

அடுத்தது காற்றுத் துவாரம். சுவாசிக்கும் பழங்களுக்கு வெளிக்காற்று ஓரளவு வர வேண்டும், அதன் அளவை மணிக்கு இத்தனை கன மீட்டர் என்று குறிப்பிடுவார்கள். உறைந்த சரக்குக்கு முழுவதும் மூடியிருக்க வேண்டும். கன்டெய்னரைப் பயணத்துக்கு முன் சோதித்த சான்று, அதாவது பிடிஐ, இருக்கிறதா என்று கேளுங்கள். வழியில் கப்பல் மாற்றம் எத்தனை தடவை என்றும் கேளுங்கள். ஒவ்வொரு மாற்றத்திலும் ப்ளக்கைப் பிடுங்கி மறுபடி செருகும் இடைவெளி ஒன்று இருக்கிறது.

படி 4: சரக்கைக் குளிரூட்டுங்கள்

ஏற்றும் நேரத்தில் சரக்கின் நடுப்பகுதி நீங்கள் கேட்ட வெப்பநிலையில் இருக்க வேண்டும். அட்டைப்பெட்டியின் மேல்பகுதியைத் தொட்டுப் பார்த்தால் தெரியாது. குத்தும் முனை உள்ள தெர்மாமீட்டரால் பொருளின் உள்ளே அளந்து எழுதி வையுங்கள். உறைந்த பொருளில் சிறு துளை போட்டு அளக்க வேண்டியிருக்கும்.

படி 5: ஏற்றுதல்

எனக்குத் தெரிந்தவரை, இயந்திரம் கெட்டுப் பாழாகும் சரக்கைவிட அடுக்கிய விதத்தால் பாழாகும் சரக்குதான் என் கண்ணில் அதிகம் பட்டிருக்கிறது. காற்று எப்படி ஓடுகிறது என்று புரிந்துகொண்டால் விதிகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

கன்டெய்னரின் ஒரு முனையில் இயந்திரம், மறுமுனையில் கதவு. குளிர்ந்த காற்று தரையில் உள்ள நீளப் பள்ளங்கள் வழியாகக் கதவு வரை ஓடும், சரக்கின் ஊடே மேலேறும், கூரையை ஒட்டி இயந்திரத்துக்குத் திரும்பும். சுவரில் ஒரு சிவப்புக் கோடு இருக்கும். அதற்கு மேல் ஒரு பெட்டி வைத்தாலும் திரும்பும் வழி அடைபடும். கதவுப் பக்கம் தரை மிச்சம் இருந்தால் அதை அட்டையால் மூடுங்கள். இல்லையென்றால் காற்று சரக்குக்குள் போகாமல் அந்தத் திறந்த இடத்தில் சுலபமாக மேலேறிப் போய்விடும்.

பழம், காய்கறி என்றால் காற்று பெட்டிகளுக்கு உள்ளேயும் புக வேண்டும். பெட்டியின் அடியிலும் மேலும் துளைகள் வேண்டும், அடுக்கும்போது துளைக்கு நேராகத் துளை வர வேண்டும். உறைந்த சரக்கு வெப்பம் வெளியிடுவதில்லை. சுவர் வழியே வரும் வெப்பத்தைத் தடுத்தால் போதும். அதனால் பெட்டிகளை இடைவெளி இல்லாமல் நெருக்கி அடுக்கி, காற்று சுற்றிலும் ஓட விடலாம்.

‘முன்கூட்டியே கன்டெய்னரைக் குளிரூட்டி வைத்தால் நல்லதுதானே?’ என்று எல்லோரும் கேட்பார்கள். குளிர் அறையின் வாசலோடு காற்றுப் புகாமல் கன்டெய்னரைப் பொருத்த வசதி இருந்தால் சரி. இல்லாவிட்டால் வேண்டாம். கதவைத் திறந்ததும் வெளியிலுள்ள ஈரக்காற்று உள்ளே புகுந்து குளிர்ந்த சுவரில் நீராக வடியும், அட்டைப்பெட்டிகள் ஊறித் தளரும். அதே காரணத்துக்காக, கதவு திறந்திருக்கும்போது இயந்திரத்தை அணைத்து வையுங்கள். ஏற்றி முடித்துக் கதவை மூடியதும் மறக்காமல் போடுங்கள்.

சரக்கோடு இரண்டு மூன்று டேட்டா லாகர்களை (வெப்பநிலையைப் பதிவு செய்யும் சிறு கருவிகள்) வையுங்கள், ஒன்றாவது கதவுப் பக்கம் இருக்கட்டும். அப்புறம் சீல் போட்டு அதன் எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 6: பயணம்

கப்பலிலும் துறைமுகத்திலும் ப்ளக் இருக்கும். சாலையில் நெடுந்தூரம் போக வேண்டுமானால் ஜென்செட் (கன்டெய்னருக்கு மின்சாரம் தரும் ஜெனரேட்டர்) கேளுங்கள்.

காப்பீட்டுப் பத்திரத்தை வரி வரியாகப் படியுங்கள். இயந்திரம் 24 மணி நேரம் தொடர்ந்து நின்றால் மட்டுமே இழப்பீடு என்று சில பத்திரங்களில் இருக்கும். கப்பல் தாமதமானதால் பழம் அழுகினால், இயந்திரம் ஒழுங்காக ஓடியிருக்கும் நிலையில், பெரும்பாலும் எதுவும் கிடைக்காது.

படி 7: இறக்கும் இடத்தில்

வாங்குபவருக்கு இந்த வரிசையை முன்பே அனுப்பிவிடுங்கள்: முதலில் சீல் எண்ணும் திரையில் உள்ள வெப்பநிலையும், பிறகு கதவைத் திறந்ததும் படங்கள், பிறகு முன், நடு, பின் என மூன்று இடங்களில் பொருளின் உள் வெப்பநிலை. லாகர் வரைபடத்தில் இடையிடையே சின்னச் சின்ன ஏற்றம் தெரிந்தால் பதற வேண்டாம். இயந்திரம் தன் மேல் படிந்த பனியை உருக்கும்போது அப்படி வரும். மணிக்கணக்கில் நீளும் ஏற்றம்தான் கவலைக்குரியது.

சேதம் தெரிந்தால் அன்றைக்கே கப்பல் நிறுவனத்துக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவிக்கச் சொல்லுங்கள். வெளியே தெரியாத சேதத்துக்குப் பல நாடுகளில் மூன்று நாள்தான் கெடு. கன்டெய்னரின் உள்ளே பதிவான வெப்பநிலைத் தரவையும் கேட்டு வாங்க வேண்டும். சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வந்து பார்க்கும்வரை கெட்ட பெட்டிகளில் ஒன்றைக்கூட அப்புறப்படுத்தக் கூடாது.