பழைய லேப்டாப்பில் லினக்ஸ்: எதையும் அழிப்பதற்கு முன் ஓட்டிப் பாருங்கள்

2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. அதற்கப்புறம் பெங்களூரு அல்சூரில் எங்கள் தெருவில் மட்டும் மூன்று பேர் பழைய லேப்டாப்போடு என்னிடம் வந்தார்கள். அதில் பக்கத்து வீட்டு அக்காவும் ஒருவர். தையல் கடை வைத்திருக்கிறார்.

"தம்பி, எஸ்.பி. ரோட்டுக் கம்ப்யூட்டர் கடைல வாங்கி நாலு வருஷம்தான் ஆச்சு. இதைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கணும்னு சொல்றாங்களே, நிஜமா?"

இல்லை. அவருடையது இன்டெல் ஆறாம் தலைமுறை ஐ5, 4 ஜிபி ரேம். விண்டோஸ் 11 பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலும் அதற்குப் பிறகும் வந்த இன்டெல் பிராசஸர்களைத்தான் ஏற்கும். அதனால் அந்த இயந்திரம் செத்துவிட்டது என்று ஆகிவிடாது. அதே லேப்டாப்பில் இன்று விண்டோஸ் போன்ற இன்னொரு இயங்குதளமான லினக்ஸ் ஓடுகிறது. அக்காவுக்குச் செய்ததையே வரிசையாக இங்கே எழுதுகிறேன். கணினியைப் போடவும் அணைக்கவும், ஃபைலைக் காப்பி செய்யவும் தெரிந்தவர்களை மனதில் வைத்து எழுதியது இது.

படி 1: என்ன வேலைக்கு என்று எழுதுங்கள்

எந்த லினக்ஸ் நல்லது என்று தேட ஆரம்பித்தால் ஒரு வாரம் போய்விடும். முதலில் ஒரு தாளை எடுத்து அந்த லேப்டாப்பில் நீங்கள் செய்யும் வேலைகளை எழுதுங்கள். அக்கா எழுதியது: எக்செலில் கணக்கு, யூடியூபில் பிளவுஸ் டிசைன், மகனின் பியூசி பாடம், தமிழிலும் கன்னடத்திலும் டைப் செய்வது, பிரிண்ட் எடுப்பது.

இவை எல்லாம் லினக்ஸில் நடக்கும். எக்செலுக்கும் வேர்டுக்கும் பதில் லிப்ரே ஆபீஸ் இருக்கிறது. நடக்காதவற்றையும் முன்பே சொல்லிவிட வேண்டும். டேலியும் ஃபோட்டோஷாப்பும் விண்டோஸில் ஓடுவதுபோல் இங்கே நேரடியாக ஓடாது. எக்செலில் பெரிய மேக்ரோக்கள் போட்டு அலுவலகம் நடத்துகிறவர்களுக்கும் தொல்லைதான். உங்கள் தாளில் இப்படி ஒன்று இருந்தால் விண்டோஸை வைத்துக்கொண்டே பக்கத்தில் லினக்ஸையும் போடுங்கள். முழுவதும் மாறியே ஆக வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

படி 2: ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்

லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் வெளியிட்டது கெர்னல் எனப்படும் உட்கருவை மட்டும்தான். அதைச் சுற்றி மெனு, பிரவுசர், ஆபீஸ் என்று எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டிக் கொடுக்கும் தொகுப்புகளைத்தான் டிஸ்ட்ரோ என்கிறோம். டெபியன், உபுண்டு, ஃபெடோரா, மின்ட் என்று பல உண்டு.

புதியவர்களுக்கு நான் சொல்வது லினக்ஸ் மின்ட். இடது மூலையில் மெனு, கீழே ஒரு பட்டை, வலது ஓரத்தில் கடிகாரம் என்று இருப்பதால் விண்டோஸில் பழகிய கை தடுமாறாது. உபுண்டுவின் மேல் கட்டப்பட்டது என்பதால் மென்பொருளுக்கும் பஞ்சமில்லை. மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை பாதுகாப்பு அப்டேட் வரும்.

மின்டிலேயே சின்னமன், மாட்டே, எக்ஸ்எஃப்சிஇ என்று மூன்று முகங்கள் உண்டு. 8 ஜிபி ரேம் இருந்தால் சின்னமன், 4 ஜிபி என்றால் எக்ஸ்எஃப்சிஇ. 2 ஜிபியிலும் ஏறும், ஆனால் பிரவுசரில் நான்கு டேப் திறந்தாலே மூச்சு வாங்கும்.

கையில் கொஞ்சம் பணம் இருந்தால் இன்னொன்றும் செய்யலாம். லேப்டாப்பில் சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க் இருந்தால் எஸ்.பி. ரோட்டில் அதை எடுத்துவிட்டு ஒரு எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத, வேகமான டிஸ்க்) மாட்டச் சொல்லுங்கள். எந்த டிஸ்ட்ரோவை மாற்றினாலும் கிடைக்காத வேகம் இந்த ஒரு மாற்றத்தில் கிடைக்கும். அக்காவுக்கு முதலில் இதைத்தான் செய்தோம்.

படி 3: காப்பி எடுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். படங்கள், கணக்குகள், சான்றிதழ்கள் எல்லாவற்றையும் வேறொரு டிஸ்கில் காப்பி எடுங்கள். எடுத்ததும் அந்த டிஸ்கை இன்னொரு கணினியில் செருகி நான்கைந்து ஃபைல்களைத் திறந்து பாருங்கள்.

அப்புறம் அந்த டிஸ்கைக் கழற்றி அலமாரியில் வைத்துவிடுங்கள். சில வருடங்களுக்கு முன் நான் என் கணினியில் லினக்ஸை மறுபடி நிறுவினேன். காப்பி எடுத்த வெளி டிஸ்க் செருகியபடியே இருந்தது. அழிக்க வேண்டிய டிஸ்க் எது என்று நிறுவி (இன்ஸ்டாலர்) கேட்டபோது நான் தொட்டது அதைத்தான். அப்பாவின் கடைசிப் பிறந்தநாள் படங்கள் அதோடு போயின. அன்றிலிருந்து நிறுவும்போது பென்டிரைவைத் தவிர வேறு எதையும் செருகி வைப்பதில்லை. நீங்களும் வைக்காதீர்கள்.

விண்டோஸை வைத்துக்கொள்ளப் போகிறவர்களுக்கு இரண்டு வேலை கூடுதல். கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணையுங்கள். அது இருந்தால் விண்டோஸ் முழுதாக அணையாமல் பாதித் தூக்கத்தில் நிற்கும், லினக்ஸால் அந்த டிரைவில் எழுத முடியாமல் போகும். அடுத்தது பிட்லாக்கர், டிஸ்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் வசதி. அது இயங்குகிறதா என்று பாருங்கள், இயங்கினால் மீட்புக் குறியீட்டைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு அணைத்துவிடுங்கள்.

படி 4: பென்டிரைவ் தயாரிப்பது

மின்டின் சொந்த இணையதளத்திலிருந்தே, மின்ட் முழுவதும் அடங்கிய ஐஎஸ்ஓ ஃபைலை இறக்குங்கள். கிட்டத்தட்ட 3 ஜிபி வரும். 8 ஜிபி பென்டிரைவ் போதும். அதில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்பதால் காலியான ஒன்றாக எடுங்கள்.

விண்டோஸில் ரூஃபஸ் என்ற சிறிய இலவச மென்பொருளைத் திறந்து, பென்டிரைவையும் ஐஎஸ்ஓவையும் காட்டுங்கள். ஐஎஸ்ஓவைத் தேர்ந்தெடுக்கும் இடத்தின் பக்கத்தில் ஒரு டிக் பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் அந்த ஃபைலின் எஸ்எச்ஏ256 எண் வரும். எழுத்தும் இலக்கமும் கலந்த இது ஃபைலின் கைரேகை மாதிரி. மின்ட் தளத்தில் போட்டிருக்கும் எண்ணோடு ஒப்பிடுங்கள். ஓர் எழுத்து மாறினாலும் டவுன்லோட் கெட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம், மறுபடி இறக்குங்கள். ஒரு நிமிட வேலைதான், பாதி நிறுவலில் நின்றுபோகும் தலைவலியை மிச்சப்படுத்தும். எண் சரியாக இருந்தால் ஸ்டார்ட் அழுத்துங்கள்.

படி 5: நிறுவாமல் ஓட்டிப் பார்ப்பது

என்னைக் கேட்டால் எல்லாப் படிகளிலும் இதுதான் முக்கியம். பென்டிரைவிலிருந்தே லினக்ஸ் முழுவதும் ஓடும், உங்கள் டிஸ்கில் ஒரு எழுத்தும் மாறாது.

லேப்டாப்பை அணைத்து, பென்டிரைவைச் செருகி, போட்டவுடனே பூட் மெனு (எதிலிருந்து துவக்குவது என்று கேட்கும் பட்டியல்) விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள். டெல், ஏசர், லெனோவோ பலவற்றில் எஃப்12, எச்பியில் எஃப்9, அசுஸ் லேப்டாப்பில் எஸ்கேப். பட்டியலில் பென்டிரைவைத் தேர்ந்தெடுத்தால் சிறிது நேரத்தில் மின்டின் திரை வந்துவிடும். பென்டிரைவிலிருந்து ஓடுவதால் கொஞ்சம் மெதுவாக இருக்கும். அதை வைத்து வேகத்தை முடிவு செய்யாதீர்கள்.

இப்போது அந்தத் தாளை எடுங்கள். வைஃபை பிடிக்கிறதா, யூடியூபில் சத்தம் வருகிறதா, கேமரா தெரிகிறதா, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க முடிகிறதா, மூடித் திறந்தால் விழித்துக்கொள்கிறதா, பிரிண்டர் ஒரு பக்கம் அடிக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஒரு தமிழ்ச் செய்தித் தளத்தைத் திறந்து எழுத்துகள் உடையாமல் வருகின்றனவா என்றும் பாருங்கள்.

அக்காவின் லேப்டாப்பில் வைஃபை வரவில்லை. சில வைஃபை சில்லுகளுக்குத் தனி டிரைவர் (அந்தச் சில்லை இயக்கும் மென்பொருள்) தேவைப்படும், அதை இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு வைஃபை வேண்டும்! இதற்குச் சுலபமான வழி உண்டு. ஃபோனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து, ஃபோன் அமைப்பில் யூஎஸ்பி டெதரிங்கைப் போடுங்கள். லினக்ஸ் அதை உடனே பிடித்துக்கொள்ளும். அப்புறம் டிரைவர் மேனேஜரைத் திறந்தால் தேவையான டிரைவரை அதுவே காட்டும்.

ஒரு நாள், இரண்டு நாள் இப்படியே ஓட்டுங்கள். ஏதோ ஒன்று ஒத்துவரவில்லை என்றால் பென்டிரைவைப் பிடுங்கிவிடலாம். பழைய விண்டோஸ் அப்படியே இருக்கும்.

படி 6: நிறுவுவது

எல்லாம் சரி என்றால் சார்ஜரைச் செருகிவிட்டு, திரையில் இருக்கும் இன்ஸ்டால் ஐகானைத் திறங்கள். நிறுவி கேட்கும் கேள்விகளில் நான்கு இடத்தில் மட்டும் நிதானம் வேண்டும்.

கீபோர்டு கேட்கும்போது ஆங்கிலத்தையே கொடுங்கள். ஆசையாகத் தமிழைக் கொடுத்துவிட்டால் அப்புறம் பாஸ்வேர்டு அடிக்கும்போது மாட்டிக்கொள்வீர்கள். தமிழைப் பின்னால் சேர்க்கலாம்.

மல்டிமீடியா கோடெக் வேண்டுமா என்று கேட்டால் டிக் போடுங்கள், வீடியோவும் பாட்டும் சிக்கலில்லாமல் ஓடும்.

டிஸ்க் பற்றிய கேள்விதான் பெரியது. விண்டோஸ் பக்கத்தில் வைப்பதா, டிஸ்கை முழுவதும் அழிப்பதா என்று கேட்கும். முதல் முறை என்றால் பக்கத்தில் வைப்பதையே தேர்ந்தெடுங்கள். மின்டுக்குக் குறைந்தது 20 ஜிபி வேண்டும், வசதியாக இருக்க 100 ஜிபி நல்லது. முழுவதும் அழிக்கப் போகிறீர்கள் என்றால் டிஸ்கின் அளவை இரண்டு முறை படித்த பிறகு அழுத்துங்கள்.

ஊர் கேட்கும்போது பெங்களூரைத் தேடாதீர்கள். கொல்கத்தா என்றுதான் இருக்கும். இந்தியா முழுவதற்கும் ஒரே நேரம் என்பதால் அதுவே சரி.

முடிந்ததும் மறுபடி துவக்கச் சொல்லும். பென்டிரைவைக் கழற்றிவிட்டு என்டர் தட்டுங்கள்.

படி 7: முதல் மாலை செய்ய வேண்டியவை

முதலில் டைம்ஷிஃப்ட். கணினியின் நிலையைப் படம்பிடித்து வைத்து, பின்னால் ஏதாவது கெட்டால் அந்த நிலைக்கே திருப்பிக் கொண்டுவரும். வாரம் ஒரு முறை தானாக எடுக்கும்படி வையுங்கள். ஆனால் அது காப்பது சிஸ்டத்தை மட்டும்தான், உங்கள் படங்களுக்குத் தனி காப்பி எப்போதும் வேண்டும். பிறகு அப்டேட் மேனேஜரைத் திறந்து எல்லா அப்டேட்டையும் போடுங்கள்.

புதிய மென்பொருள் வேண்டுமானால் கண்ட தளத்தில் தேடாமல் சாஃப்ட்வேர் மேனேஜரில் தேடுங்கள். ஃபோனில் பிளே ஸ்டோர் மாதிரிதான்.

இனி தமிழ். சாஃப்ட்வேர் மேனேஜரில் ஐபஸ்-எம்17என் (ibus-m17n) என்ற தொகுப்பை நிறுவுங்கள். இன்புட் மெத்தட் அமைப்பில் ஐபஸைத் தேர்ந்தெடுத்து, ஒரு முறை லாக் அவுட் செய்து உள்ளே வாருங்கள். ஐபஸ் அமைப்பில் தமிழ் என்று தேடினால் தமிழ்99, ஃபொனெடிக், டைப்ரைட்டர் எல்லாம் வரும். மெனுவின் பெயர்கள் பதிப்புக்குப் பதிப்பு சற்று மாறலாம்.

ஏற்கெனவே வேறு முறையில் கை பழகாதவர்கள் தமிழ்99-ஐக் கற்றுக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். 1999-ல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டித் தரப்படுத்தப்பட்ட விசைப்பலகை இது. அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டினால் 'அம்மா' வந்துவிடும். நடுவில் உள்ள புள்ளியை நாம் வைக்க வேண்டியதில்லை, அதுவே வைத்துக்கொள்ளும். இரண்டு வாரத்தில் கை பழகிவிடும்.

அக்காவின் மகனுக்காக அதே இடத்தில் கன்னடத்துக்கான கேஜிபி விசைப்பலகையையும் சேர்த்தோம். இப்போது ஒரே விசையில் ஆங்கிலம், தமிழ், கன்னடம் மூன்றுக்கும் மாறிக்கொள்கிறான். பெங்களூரில் இருக்கிற நமக்கு இது எவ்வளவு பெரிய வசதி என்று சொல்ல வேண்டியதில்லை.

லிப்ரே ஆபீஸில் எழுதியதை வேர்டு வைத்திருப்பவர்களுக்கு அனுப்பும்போது டாக்ஸ் (.docx) வடிவத்தில் சேமியுங்கள். அவர் பார்த்தால் மட்டும் போதும் என்றால் பிடிஎஃப்பாக அனுப்புங்கள், எழுத்து ஒரு இடமும் நகராது.

கடிகாரம் தவறினால்

இரண்டையும் வைத்திருப்பவர்கள் லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குப் போனால் கடிகாரம் பின்தங்கி இருக்கலாம். மதர்போர்டு பேட்டரி போய்விட்டது என்று கடைக்கு ஓடுவதற்கு முன், எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்று பாருங்கள். சரியாக 5 மணி 30 நிமிடம் என்றால் பேட்டரி நன்றாகவே இருக்கிறது. லினக்ஸ் கணினியின் உள் கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை எழுதும், விண்டோஸ் அதையே இந்திய நேரம் என்று படிக்கும், அவ்வளவுதான். விண்டோஸின் தேதி, நேர அமைப்பில் இணையத்தோடு நேரத்தைச் சரிசெய்யும் பொத்தானை அழுத்தினால் சரியாகிவிடும். மறுநாள் திரும்ப வந்தாலும் பயப்பட வேண்டாம், மறுபடி அதே பொத்தான்தான்.