காரணம் தெரியாமலே ஒரே வத்தையில் போவது எப்படி

பாம்பனில் கடற்பாசி எடுக்கும் எங்களுக்கு ஒரு தொல்லை உண்டு. யாரோடு மனத்தாங்கல் வந்தாலும் மறுநாள் அதே வத்தையில், அதாவது சிறு படகில், அவரோடு முட்டி உரசத்தான் உட்கார வேண்டும். எங்கள் குழுவுக்குக் கணக்கு எழுதுவது நான். எடையில் கை வைக்கிறேன் என்று என் மதினி கரையெல்லாம் சொல்லிவைத்தார். ஏன் என்று இன்றுவரை தெரியாது. தெரியாமலே தூங்கப் பழகியதைச் சொல்கிறேன்.

காரணத்தை ஒரே ஒரு முறை நேரில் கேளுங்கள். சாட்சி வேண்டாம். நான் கேட்டபோது "எனக்கென்ன தெரியும்" என்று மதினி பாசியை உதறப் போய்விட்டார். அதையே பதிலாக வைத்துக்கொண்டேன். பிறகு மூன்றாம் ஆளிடம் விசாரிக்காதீர்கள். பொறாமை, பழைய நகைச் சண்டை, செய்வினை என்று ஆளுக்கொன்று தருவார்கள். எல்லாமே பொருந்தும், எதையும் சரிபார்க்க முடியாது. இரவெல்லாம் படுக்கையில் வழக்கு நடத்துவது நீங்கள்தான்.

வாடை வீசும் மாதங்களில் வடகடல் கொந்தளித்தால் நாட்டுப்படகுகள் தென்கடல் பக்கம் மாறுகின்றன. காற்றிடம் யாரும் விளக்கம் கேட்பதில்லை. (காற்றுக்கு வாயில்லை, மதினிக்கு இருக்கிறதே என்ற கோபம் எனக்கு இன்னும் உண்டு. இருக்கட்டும்.) நானும் பேச்சின் திசையை மாற்றிக்கொண்டேன். எடை, டீசல் பங்கு, புறப்படும் நேரம் ஆகியவற்றை அவரோடு பேசுவேன். பிள்ளைகள் படிப்பு, வீட்டுக் கடன் பேசமாட்டேன். தராசில் வியாபாரி பார்க்கும் கிலோவை எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கச் சொல்லச் சொல்கிறேன். நோட்டில் அவரவர் பெயருக்கு நேரே அங்கேயே கையெழுத்து வாங்கிவிடுகிறேன்.

"உன் மதினி என்ன சொன்னாள் தெரியுமா" என்று வருபவரிடம், "சாப்பிட்டாயா?" என்று கேளுங்கள். இரண்டாம் முறை வரமாட்டார்.

மிகவும் கடினமானது, காயப்போட்ட பாசியில் கல்லும் சிப்பியும் பொறுக்கும் நேரம். கை வேலை செய்யும், மனம் சும்மா இருக்காது. அப்போது நடந்ததை மட்டும் சொல்லிக்கொள்வேன்: "பொய் சொன்னார். கேட்டேன். பதில் இல்லை." "ஒருவேளை" என்று அடுத்த வாக்கியம் தொடங்கினால் அங்கேயே வெட்டிவிடுங்கள்.

அடி, மிரட்டல் என்றால் இந்தப் பொறுமை எதுவும் வேண்டாம். பெண்கள் உதவி எண் 181-ஐ அழையுங்கள்.

அவர் வீட்டு விசேஷத்துக்குப் போகலாம். மொய் மட்டும் வழக்கமான தொகையாக இருக்கட்டும். கூட்டினால் சமாதானத் தூது என்பார்கள், குறைத்தால் சண்டை என்பார்கள். எழுதிவிட்டு, பந்தியில் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டு வாருங்கள்.