கட்டிய லெவியிலேயே ஹோட்டல் ஊழியர்களுக்குப் பயிற்சி

தோட்டப்புற டவுனில் ஹோட்டல் நடத்துகிறீர்களா? ஊழியர் பயிற்சிக்குக் கைக்காசைத் தொடும் முன், மலேசிய அரசின் மனிதவள மேம்பாட்டு நிறுவனமான எச்ஆர்டி கோர்ப் கணக்கில் உங்கள் லெவி, அதாவது ஊழியர் பயிற்சிக்காக முதலாளி கட்டும் தொகை, எவ்வளவு கிடக்கிறது என்று பாருங்கள். பயிற்சி தொடங்கும் முன்பே அந்த லெவியிலிருந்து கிடைக்கும் மானியத்துக்கு விண்ணப்பித்துவிடுங்கள். முடிந்தபின் பில்லை நீட்டிப் பயனில்லை.

10 அல்லது அதற்கு மேற்பட்ட மலேசிய ஊழியர்கள் இருந்தால், சம்பளத்தில் 1 விழுக்காடு லெவியை முதலாளி எப்படியும் கட்டியாக வேண்டும். 15 பேர், தலைக்கு 1,700 ரிங்கிட் என்றால் ஆண்டுக்கு 3,060 ரிங்கிட். சும்மா கிடக்க விடலாமா? நான் முதலில் அறை சுத்தம் செய்பவர்களுக்குத்தான் செலவழிக்கச் சொல்வேன். முதலில் படுக்கை விரிப்பை உருவுவது, அப்புறம் மேலிருந்து கீழாகத் தூசி துடைப்பது, தரையைக் கடைசியில் கூட்டுவது என்ற வரிசை கைக்கு வந்துவிட்டால் ஒரே வேலையை இரண்டு முறை செய்ய வேண்டாம். குளியலறையில் ஒரு முடி கிடந்து விருந்தாளி அறை மாற்றக் கேட்டால், சுத்தம் செய்ய வேண்டியது இரண்டு அறை. சின்ன ஊரில் கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் அதே குடும்பங்கள்தானே திரும்ப வருகின்றன!

லெவி கட்டாத சின்ன ஹோட்டலுக்கு இது பொருந்தாது. 5 முதல் 9 மலேசியர் வரை இருந்தால் விரும்பினால் 0.5 விழுக்காட்டில் சேரலாம். வெளிநாட்டு ஊழியர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். சம்பளம் ரொம்பக் குறைவு என்றால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். இல்லாவிட்டால் பழகிய கை ஈப்போவுக்கோ கோலாலம்பூருக்கோ போய்விடும்.