மனச்சோர்வா? நீங்களே சோதித்துப் பார்ப்பது எப்படி

எதிலும் மனம் ஒட்டவில்லை, தூக்கம் கெட்டுப்போச்சு, ‘எனக்கு டிப்ரஷனா?’ என்று ஒரு சந்தேகம். இதை மனதுக்குள்ளேயே வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் உழல வேண்டாம். மருத்துவர்கள் பயன்படுத்தும் பி.எச்.க்யூ-9 என்ற கேள்வித்தாளை நீங்களே நிரப்பிப் பார்க்கலாம். 2001-இல் வெளியானது, இலவசம், சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

1. தாளை எடுத்துத் தேதி போடுங்கள். கேள்விகள் மொத்தம் 9. எல்லாமே கடந்த 2 வாரங்களைப் பற்றியவை: ஆர்வமின்மை, சோகம், தூக்கம், களைப்பு, பசி, தன்னைப் பற்றிய தாழ்வான எண்ணம், கவனம், உடலின் மந்தம் அல்லது பதற்றம், உயிரை விடும் எண்ணம்.

2. நாட்களை எண்ணி மதிப்பெண் போடுங்கள். இல்லவே இல்லை என்றால் 0, சில நாட்கள் 1, பாதிக்கு மேற்பட்ட நாட்கள் 2, கிட்டத்தட்ட தினமும் 3. பலரும் தடுமாறுவது இங்கேதான். இன்றைய மனநிலையை வைத்துப் போட்டுவிடுவார்கள். தூக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 14 நாளில் எத்தனை நாள் விடிகாலை மூன்று மணிக்கே முழிப்பு வந்து, புரண்டு புரண்டு படுத்தும் தூக்கம் வரவில்லை? ஒன்பது நாள் என்றால் 2. அளவுக்கு மீறித் தூங்கினாலும் அது இதே கேள்வியில்தான் சேரும். பசியும் அப்படியே, சாப்பிடப் பிடிக்காததும் கணக்கு, கண்டபடி சாப்பிடுவதும் கணக்கு. ‘இதெல்லாம் ஒரு விஷயமா’ என்று குறைத்துப் போடாதீர்கள்.

3. ஒன்பதாவது கேள்வியைத் தனியாகப் பாருங்கள். செத்துப்போனால் நல்லது, அல்லது தன்னைக் காயப்படுத்திக்கொள்ளலாம் என்ற எண்ணம் பற்றியது அது. அதில் 1 விழுந்தாலும் மொத்தத்தைக் கூட்டிக்கொண்டு உட்கார வேண்டாம். இன்றைக்கே நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்கள், மருத்துவரைப் பாருங்கள். எண்ணம் வலுவாக இருந்தால் தனியாக இருக்காதீர்கள். உடனே அவசர உதவியை அழையுங்கள்.

4. கூட்டுங்கள். அதிகபட்சம் 27. 5 முதல் 9 வரை லேசானது, 10 முதல் 14 மிதமானது, 15 முதல் 19 சற்றே கடுமையானது, 20 முதல் 27 வரை கடுமையானது. 10 வந்தாலே மருத்துவரிடம் போக வேண்டும். அதற்குக் கீழே இருந்தும் வேலையோ வீடோ தடுமாறுகிறது என்றால் அப்போதும் போங்கள்.

5. தாளோடு மருத்துவரிடம் போங்கள். இந்த எண் ஒரு எச்சரிக்கைதான், நோய் இன்னதென்ற முடிவு அல்ல. தைராய்டு குறைந்தாலும், ரத்தசோகை இருந்தாலும் இதே களைப்பும் மந்தமும் வரும். சில மருந்துகளாலும் வரலாம். அதனால் ரத்தப் பரிசோதனை எழுதிக்கொடுத்தால் அலுத்துக்கொள்ளாதீர்கள். அப்புறம் ஒன்று, இதை மறக்காமல் சொல்லுங்கள்: முன்பு எப்போதாவது பல நாட்கள் தூக்கமே தேவைப்படாமல், அளவு கடந்த உற்சாகத்தோடு, கண்டபடி செலவு செய்துகொண்டு இருந்ததுண்டா? அது அளவு மீறிய உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் இருமுனைக் கோளாறாக (பைபோலார்) இருக்கலாம். அதற்கான சிகிச்சையே வேறு.

பேச வார்த்தை வரவில்லையா? தாளை நீட்டினால் போதும், மீதியை அவர் கேட்டுக்கொள்வார். சிகிச்சை தொடங்கியபின் அதே தாளை மறுபடி நிரப்பி, பழையதோடு சேர்த்து எடுத்துப்போங்கள். மருந்தோ ஆலோசனையோ வேலை செய்கிறதா என்று இருவருக்கும் தெரியும்.