'நாட்வித்ஸ்டாண்டிங்' போடும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆங்கில ஒப்பந்த வரைவுகளைச் சரிபார்ப்பது என் வேலை. புதிதாக வருகிறவர்களின் தாள்களைப் புரட்டினால், நாங்கள் எல்லோரும் ஆரம்பத்தில் இடறிய அதே இடத்தில்தான் அவர்களும் இடறுகிறார்கள். அந்த இடத்தில் பெரும்பாலும் 'நாட்வித்ஸ்டாண்டிங்' (notwithstanding) என்ற சொல் இருக்கும். 'இருந்தபோதிலும்', 'எது எப்படி இருப்பினும்' என்ற பொருள் எல்லோருக்கும் தெரியும். எழுத்துப்பிழையைக் கணினியே காட்டிவிடும், அதை விடுங்கள். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது.

எது ஜெயிக்கும் என்று பார்க்காமல் எழுதுவது

இதைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன், ஏனென்றால் இன்றும் எரிச்சல் வருவது இதில்தான்.

ஒரு சேவை ஒப்பந்தம். இழப்பு எவ்வளவு ஆனாலும் ஓர் ஆண்டுக் கட்டணத்துக்கு மேல் ஈடு தரவேண்டாம் என்று ஒரு பிரிவு. ரகசியத் தகவல் கசிந்தால் மட்டும் அந்த உச்சவரம்பு கிடையாது, முழு இழப்பையும் தரவேண்டும் என்று இன்னொரு பிரிவு. பேச்சுவார்த்தையில் இரு தரப்பும் ஒப்புக்கொண்டது, கசிவுப் பிரிவுதான் மேலே நிற்கும் என்று. வரைவு எழுதிய இளைஞர் உச்சவரம்புப் பிரிவை 'நாட்வித்ஸ்டாண்டிங்' என்று தொடங்கி, கசிவுப் பிரிவின் எண்ணைப் போட்டுவிட்டார். 'அந்தப் பிரிவையும் கணக்கில் கொண்டு' என்பது அவர் மனதில் இருந்த பொருள். தாளில் வந்ததோ, 'அந்தப் பிரிவு என்ன சொன்னாலும் சரி, உச்சவரம்பு உச்சவரம்புதான்'. பேசியதற்கு நேர் எதிர். அவருக்கு மேலே இருந்தவர்களும் படித்தார்கள். கனமான சொல்லைப் பார்த்ததும் பாதுகாப்பாக எழுதியிருக்கிறார் என்று நினைத்துக் கையெழுத்துக்கு அனுப்பிவிட்டார்கள். பிறகு தகவல் கசிந்தது. எதிர்த்தரப்பு வாதாடக்கூட இல்லை, அந்த வரியைப் படித்துக் காட்டியதோடு சரி. உச்சவரம்புக்கு மேல் ஒன்றும் தேறவில்லை.

அவர் எழுதியிருக்க வேண்டியது 'சப்ஜெக்ட் டு', அதாவது 'அதற்கு உட்பட்டு'. இரண்டும் எதிரெதிர்த் திசையில் ஓடுபவை. 'நாட்வித்ஸ்டாண்டிங்' எதைச் சுட்டுகிறதோ அது தோற்கும்; 'சப்ஜெக்ட் டு' எதைச் சுட்டுகிறதோ அது ஜெயிக்கும். ஆகவே முதலாவது ஜெயிக்கிற பிரிவில் வரவேண்டும், இரண்டாவது தோற்கிற பிரிவில்.

சொல் பிறந்த விதத்தைப் பார்த்தால் திசை மறக்காது. லத்தீனில் 'நான் அப்ஸ்டான்டே' என்று ஒரு தொடர், 'குறுக்கே நிற்காமல்' என்று பொருள். அதை அப்படியே ஆங்கிலமாக்கியதுதான் இது. அதில் உள்ள 'வித்' இன்றைய 'உடன்' அல்ல; பழைய ஆங்கிலத்தில் அதற்கு 'எதிராக' என்று பொருள். எதிர்த்து நிற்க முயன்றும் நிற்க முடியாமல் போவது, இந்தச் சொல்லோடு ஒட்டி வரும் பெயர்ச்சொல்தான். லத்தீன் தொடருக்கு ஒரு சுவையான வரலாறும் உண்டு. சட்டம் என்ன சொன்னாலும் இவருக்கு விலக்கு என்று இங்கிலாந்து மன்னர்கள் இதே சொற்களைப் போட்டு ஆணை கொடுத்துவந்தார்கள். 1689-ஆம் ஆண்டு உரிமைச் சட்டம் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. இந்திய நீதிமன்றத் தீர்ப்புகள் இத்தகைய பிரிவை இன்றும் 'நான் அப்ஸ்டான்டே க்ளாஸ்' என்றே அழைக்கின்றன.

இரண்டு தொடர்களும் பக்கத்தில் பக்கத்தில் சரியாக வேலை செய்வதைப் பார்க்க, எந்தப் பொருளில் யார் சட்டம் இயற்றலாம் என்று பிரித்துத் தரும் இந்திய அரசியலமைப்பின் 246-ஆவது பிரிவை எடுத்துப் படிக்கச் சொல்வேன். ஒன்றியப் பட்டியலைப் பற்றிய முதல் உட்பிரிவு, 2, 3 உட்பிரிவுகளில் எது இருந்தாலும் என்று 'நாட்வித்ஸ்டாண்டிங்' போட்டுத் தொடங்குகிறது. மாநிலப் பட்டியலைப் பற்றிய மூன்றாவது உட்பிரிவு, 1, 2 உட்பிரிவுகளுக்கு உட்பட்டு என்று 'சப்ஜெக்ட் டு' போட்டுத் தொடங்குகிறது. நடுவில் இருக்கும் பொதுப் பட்டியலுக்கான இரண்டாவதில் இரண்டும் உண்டு: மூன்றாவதை மீறி, முதலாவதற்கு அடங்கி. மேலே யார், நடுவில் யார், கீழே யார் என்று வேறு விளக்கமே தேவையில்லை. மோதல் வந்தால் ஒன்றியத்தின் கை ஓங்குவதற்கு அடிப்படை இந்தச் சில சொற்கள்தான்.

சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. எழுதியதைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். 'நாட்வித்ஸ்டாண்டிங்' இருக்கும் இடத்தில் 'அது தடுத்தாலும்' என்றும், 'சப்ஜெக்ட் டு' இருக்கும் இடத்தில் 'அதற்கு அடங்கி' என்றும் சொல்லுங்கள். 'கசிவுப் பிரிவு தடுத்தாலும் உச்சவரம்பு செல்லும்' என்று வாய்விட்டுச் சொல்லியிருந்தால் அந்த இளைஞருக்கே உறைத்திருக்கும்.

எல்லாப் பிரிவிலும் 'எது இருந்தாலும்' என்று போடுவது

'இந்த ஒப்பந்தத்தில் எது இருந்தாலும்' என்று ஒரு பிரிவு தொடங்கும். சில பக்கம் தள்ளி இன்னொரு பிரிவும் அப்படியே தொடங்கும். இரண்டும் மோதினால்? இரு வேறு சட்டங்கள் இப்படி மோதும்போது நீதிமன்றங்கள் அவற்றின் நோக்கத்தைப் பார்க்கின்றன, பல வழக்குகளில் பின்னால் வந்த சட்டத்துக்கு முன்னுரிமை தந்திருக்கின்றன. ஒரே நாளில் கையெழுத்தான ஒப்பந்தத்தில் முன்னது ஏது, பின்னது ஏது?

கனடாவின் 1982 உரிமைச் சாசனத்தில் 33-ஆவது பிரிவுக்கு 'நாட்வித்ஸ்டாண்டிங் க்ளாஸ்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. உரிமைகளையே மீறிச் சட்டம் இயற்ற இடம்கொடுக்கும் பிரிவு அது. அப்படிப்பட்டதே 2-ஆவது பிரிவையும், 7 முதல் 15 வரையிலான பிரிவுகளையும் மட்டும் எண் சொல்லிக் குறிப்பிடுகிறது. அப்படி மீறும் அறிவிப்பும் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் தானாக நீடிக்காது, மறுபடி அறிவிக்க வேண்டும். ஒரு நாட்டின் சாசனமே இவ்வளவு அளந்து போடுகிற சொல்லை நாம் பக்கத்துக்குப் பக்கம் வாரி இறைக்கிறோம். எதை மீறுகிறீர்களோ அதன் எண்ணைப் போடுங்கள். எண் தெரியவில்லை என்றால் அந்தச் சொல்லே அங்கே வேண்டாம்.

'நீங்கலாக' என்ற பொருளில் போடுவது

'வரி நாட்வித்ஸ்டாண்டிங் கட்டணம் இவ்வளவு' என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். வரி நீங்கலாக என்று சொல்ல வருகிறார்கள். அந்தப் பொருள் இந்தச் சொல்லுக்குக் கிடையாது. 'எக்ஸ்க்ளூடிங்' போதும்.

பின்னால் 'ஆஃப்' சேர்ப்பது

கூடாது. 'ஆஃப்' கேட்பது 'இன் ஸ்பைட்' போன்ற தொடர்கள்தான்.

மூன்றாக உடைத்து எழுதுவது

ஒரே சொல். இடைவெளியும் இல்லை, கோடும் இல்லை.

முழு வாக்கியத்தை அப்படியே ஒட்டுவது

இது முதன்மையாகப் பெயர்ச்சொல்லோடு சேரும் சொல். 'நாட்வித்ஸ்டாண்டிங் தி ரெயின்' சரி. 'நாட்வித்ஸ்டாண்டிங் இட் ரெயின்ட்' என்ற நடை முன்னாளைய ஆங்கில எழுத்துகளில் உண்டு, இன்று எழுதினால் பிழையாகத்தான் படும். எழுவாயும் பயனிலையும் வரவேண்டும் என்றால் நடுவில் 'தட்' அல்லது 'தி ஃபேக்ட் தட்' வேண்டும். அதைவிட 'ஆல்தோ' போட்டுவிட்டுப் போகலாம்.

பெயருக்குப் பின்னாலும் இதை வைக்கலாம்: 'தி ரெயின் நாட்வித்ஸ்டாண்டிங்'. 'மழை தடுக்காமல்' என்பதுதான் மூல அமைப்பு என்பதால், பின்னால் வருவதில் விநோதம் ஒன்றும் இல்லை. தமிழில் 'மழை பெய்தபோதிலும்' என்று கடைசியில் வைத்துப் பழகிய நமக்கு இது இன்னும் இயல்பாகவே கைக்கு வரும். பெயர் குறுகியதாக இருக்கும்வரை நல்லது. இரண்டு வரி நீளத் தொடரை எழுதிவிட்டுக் கடைசியில் இதைப் போட்டால், படிப்பவர் திரும்ப முதலிலிருந்து வரவேண்டியிருக்கும்.

கூடவே 'பட்' போடுவது

'நாட்வித்ஸ்டாண்டிங் தி டிலே' என்று தொடங்கி, காற்புள்ளிக்குப் பிறகு 'பட்' என்று தொடர்வது. தமிழ்ப் பேச்சில் 'தாமதமானாலும், ஆனா' என்று இரண்டையும் சேர்த்து ஓட்டிவிடலாம். ஆங்கிலத்தில் ஒன்றுதான் நிற்கும். 'ஆல்தோ' போடும்போதும் இதே கதை.

'ஆல்பீட்'டோடு மாற்றிப் போடுவது

அது வேறு இனம். 'ஆல்பீட்' (albeit) ஒரு விவரத்தைச் சற்றுக் குறைத்துச் சொல்ல உதவும்: முன்னேற்றம் உண்டு, மெதுவாகத்தான் என்றாலும். எந்தப் பிரிவையும் எந்தப் பிரிவும் அதைக் கொண்டு வெல்ல முடியாது. ஒப்பந்தத்தில் அதற்கு வேலையே இல்லை என்பது என் கருத்து.

சாதாரண மின்னஞ்சலில் போடுவது

விடுப்புக் கேட்கும் கடிதத்தில் 'நாட்வித்ஸ்டாண்டிங்' எதற்கு? 'டிஸ்பைட்' போடுங்கள்.