மறுவாழ்வு மருத்துவ மேற்படிப்பு: விண்ணப்பத்தைக் கெடுக்கும் தவறுகள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி எஸ்டேட் ஊரில் மெடிக்கல் ஆபீசராக இருந்துகொண்டு மறுவாழ்வு மருத்துவத்தில் (நோயாலோ விபத்தாலோ உடல் இயக்கம் குறைந்தவர்களை மறுபடி அன்றாட வாழ்க்கைக்குத் தயார்படுத்தும் துறை) மாஸ்டர்ஸ் படிக்க விண்ணப்பிக்கும் நம் பிள்ளைகள் பலர், இங்கே பார்த்த வேலையை ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்குத் தெரிந்து இதைவிடப் பெரிய தவறு இல்லை.

சர்க்கரை நோயால் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்த செம்பனைத் தொழிலாளி ஒருவரை நினைத்துப் பாருங்கள். தையல் பிரித்தாயிற்று, வீட்டுக்குப் போகலாம். ஆனால் கழிவறை வீட்டுக்குப் பின்னால், இரண்டு படி இறங்கிக் குந்த வேண்டும். வலிக்கிறது என்று வீட்டார் முட்டிக்கு அடியில் தலையணை வைப்பார்கள். முட்டி மடங்கியே இறுகிவிட்டால் செயற்கைக் கால் பொருத்துவது சிரமம். மாற்றுத்திறனாளிகளுக்கான ஓகேயு அட்டைக்கு யார் எழுதித் தருவது? தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோ 2007இல் தொடங்கிய 'வேலைக்குத் திரும்பும் திட்டத்தில்' அவரைச் சேர்க்க முடியுமா? இந்தத் துறையே இந்தக் கேள்விகள்தான். இவற்றில் நீங்கள் செய்ததை எழுதுங்கள். அன்றாட வேலைகளை நோயாளி எவ்வளவு தானே செய்கிறார் என்று அளக்கும் பார்தெல் மதிப்பெண் 100க்கு எத்தனையிலிருந்து எத்தனைக்கு உயர்ந்தது என்றும் சேர்த்து எழுதுங்கள்.

அதை விட்டுவிட்டு, பாட்டிக்குப் பக்கவாதம் வந்த கதையில் பக்கத்தை நிரப்பாதீர்கள். பாசம் உண்மைதான், ஆனால் அதே கதையைத் தேர்வாளர்கள் நிறையப் படித்திருப்பார்கள்.

அடுத்தது, பிசியோதெரபியையும் இதையும் ஒன்றாக நினைத்து எழுதுவது. தசை இறுக்கத்துக்கு போட்டாக்ஸ் ஊசி போடுவது, தண்டுவடம் அடிபட்டவரின் சிறுநீர்ப்பையைக் கவனிப்பது, பிசியோ, பேச்சுப் பயிற்சியாளர் என்று ஒரு குழுவையே நடத்துவது எல்லாம் மருத்துவரின் வேலை. நேரில் பார்க்காமல் இது புரியாது. லீவு போட்டாவது செராஸ் மறுவாழ்வு மருத்துவமனையில் சில நாள் கூட இருக்க அனுமதி கேளுங்கள்.

பரிந்துரைக் கடிதத்துக்குப் பெரிய பெயரைத் தேடி அலைய வேண்டாம். உங்களை வார்டில் பார்த்த நிபுணர் எழுதும் நாலு வரிக்கு எடை அதிகம். நுழைவுத் தேர்வுக்குக் கடைசி மாதத்தில் புத்தகம் எடுப்பதும் வேண்டாம்.

ஆய்வு என்றால் பெரிய மருத்துவமனை வேண்டும் என்று ஒத்திப்போடுகிறார்கள். சரி, உங்கள் கிளினிக்கிலேயே ஒரு கணக்கெடுப்பு செய்யலாமே. பக்கவாதம் வந்து வீடு திரும்பியவர்களில் எத்தனை பேர் முதல் பயிற்சிக்கு வந்தார்கள், வராதவர்களுக்கு என்ன தடை, பஸ்ஸா, கூட்டிவர ஆள் இல்லையா என்று கேட்டு எழுதுங்கள். அப்புறம் அந்தத் தடையில் ஒன்றையாவது நீக்கிவிட்டு, மறுபடி எண்ணுங்கள்.